கப்பல்காரன் தரப்பு

கப்பல் முதலாளி மொன்ஜிக்குத் தர வேண்டியது பத்தொன்பதாயிரத்து இருநூற்று ஐம்பது தினார். இன்ஜின் அறையில் எண்ணெய் போட்டு, புகை தின்று உழைத்த பதினோரு மாதச் சம்பளம். முதலாளி ஒரு நாட்டில் இருந்தான். கப்பலில் பறந்த கொடி இன்னொரு நாட்டுடையது. கப்பலோ மொன்ஜியின் ஊரான ஸ்ஃபாக்ஸின் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுத் துருப்பிடித்துக்கொண்டிருந்தது. போலீசிடம் போனால் கொடி நாட்டைக் கேள் என்றார்கள். கொடி நாட்டுக்குப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை.

அந்த எரிச்சலில்தான் மகள் ஒல்ஃபா பாதை மாறினாள். விவாகரத்து, வாடகைத் தகராறு என்று படித்து உள்ளூரிலேயே வக்கீலாகியிருக்க வேண்டியவள், தலைநகர் தூனிஸில் நான்காம் ஆண்டு சர்வதேசச் சட்டத்துக்குத் தாவினாள். மொன்ஜி தடுக்கவில்லை. நம் வீட்டுச் சோற்றைத் திருடியவனைப் பிடிக்கத்தானே படிக்கிறாள் என்று மீன் சந்தையில் மூட்டை தூக்கிப் பணம் அனுப்பினார்.

மே மாதம் ஒல்ஃபா போனில் கூப்பிட்டாள். "மாணவர்களுக்கு வழக்காடுற போட்டி பாபா. கப்பல் சம்பள வழக்கு. கிட்டத்தட்ட உங்க கதைதான். வந்து பாருங்க."

மொன்ஜி தனியாகப் போகவில்லை. அதே கப்பலில் சமையல்காரனாக இருந்து, அதே மாதிரி ஏமாந்த லம்ஜத்தையும் ஷேர் வண்டியில் ஏற்றிக்கொண்டு, அவனுக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். "நம்ம வழக்கை என் பொண்ணு எப்படிக் கிழிக்கிறான்னு வந்து பாருடா" என்றார். வழியில் டயர் வெடித்தது. போய்ச் சேர்ந்தபோது காலைச் சுற்று முடிந்து மதியச் சுற்று தொடங்கியிருந்தது.

மேடையில் நீதிபதிகளாக மூன்று பேர். இரண்டு பேராசிரியர்கள், ஒரு நிஜ வக்கீல். ஒல்ஃபா கறுப்பு அங்கியோடு எழுந்தாள். "கனம் நீதிபதிகளே, நான் கப்பல் உரிமையாளரின் தரப்பில் ஆஜராகிறேன்."

மொன்ஜி லம்ஜத்தைப் பார்த்தார். லம்ஜத் கூரையைப் பார்த்தான்.

அவள் பேசினாள். சம்பளம் முழுவதும் வந்து சேர்ந்தது என்று மாலுமி தன் கையாலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றாள். அவர் குழந்தை அல்ல, யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை என்றாள். போட்ட கையெழுத்தை மறுநாள் இல்லையென்று சொல்லலாமென்றால் உலகத்தில் எந்த ஒப்பந்தம் நிற்கும் என்று கேட்டாள். மொன்ஜிக்குக் காது கொதித்தது. அவரும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டார். போட்டால்தான் மாலுமிப் புத்தகத்தைத் திருப்பித் தருவேன் என்றான் கேப்டன். அந்தப் புத்தகம் இல்லாமல் வேறு எந்தக் கப்பலும் ஏற்றாது. இதைச் சாப்பாட்டு மேசையில் இவளிடம்தான் அவர் சொல்லியிருந்தார்.

"உன் பொண்ணு நல்லாத்தான் பேசுறா" என்று லம்ஜத் அவர் காதில் சொன்னான். "நம்ம சம்பளத்தை ரெண்டாவது தடவையும் புடுங்குறாடா."

ஒல்ஃபா ஜெயித்தாள். கைதட்டினார்கள். அந்த நிஜ வக்கீல் இறங்கி வந்து தன் அட்டையை அவள் கையில் திணித்து, பட்டம் வாங்கியதும் எங்கள் அலுவலகத்துக்கு வா என்றார்.

மொன்ஜி அவளைத் தாழ்வாரத்தில் மறித்தார்.

"எவ்வளவு குடுத்தான் கப்பல்காரன்?"

"பாபா, சீட்டு குலுக்கிப் போடுவாங்க. எனக்கு இந்தப் பக்கம் விழுந்துச்சு."

"விழுந்தா எந்திரிச்சு வர வேண்டியதுதானே?"

"காலையில மாலுமி பக்கம் பேசினேன். அதுலயும் ஜெயிச்சேன். நீங்கதான் லேட்டு."

"உனக்கென்ன ரெண்டு வாயா?"

"ஆமா, ரெண்டு வாய்தான்! அவன் என்ன சொல்லுவான்னு தெரியாம அவனை எப்படி மடக்குறது? நான் அங்க நின்னு பேசினப்போ எதுக்குப் பயந்தேன் தெரியுமா? 'பணம் வந்துச்சுன்னு எழுதி வாங்கினியே, பணம் போனதுக்கு எங்க அத்தாட்சி, எந்த பேங்க்?' ஒரே ஒரு கேள்வி. எதிர்ல நின்ன பையன் கேட்டிருந்தா நான் அங்கேயே செத்தேன். அந்த மடையன் கேக்கல!"

மொன்ஜி கேட்கும் நிலையில் இல்லை. "உங்கம்மாகிட்ட போய்ச் சொல்றேன், மூட்டை தூக்கிப் படிக்க வெச்சது தப்புன்னு" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். ஸ்ஃபாக்ஸ் வரும்வரை லம்ஜத்திடம் மகளைத் திட்டிக்கொண்டே வந்தார்.

கோடை விடுமுறைக்கு வந்த ஒல்ஃபா அவரிடம் சமாதானம் பேசவில்லை. கப்பலைப் பழைய இரும்புக்காக உடைப்புக்கு விற்கப்போகிறார்கள் என்று துறைமுகத்தில் கேள்விப்பட்டு வந்து, மாலுமிகள் சங்க வக்கீலின் மனுவை மேசையில் அறைந்தாள். "கப்பலைப் பிடிச்சு வைக்கச் சொல்லி கோர்ட்டுல கேக்குறோம். கையெழுத்துப் போடுங்க. அப்புறம் என்னைத் திட்டுங்க." மொன்ஜி அவள் முகத்தைப் பார்க்காமல் போட்டார். லம்ஜத் போடவில்லை. "உங்கப்பாவே உன்னை நம்பலன்னு சொன்னாரே" என்று கதவைச் சாத்திவிட்டான்.

நீதிமன்றம் கப்பலை நகரக் கூடாது என்று நிறுத்தியது. விசாரணைக்கு முதலாளி தரப்பில் வந்தவர், தூனிஸில் அட்டை கொடுத்த அதே வக்கீல். அவர் எழுந்து பேசியதைக் கேட்டு மொன்ஜிக்குப் பல் கூசியது. அவர் குழந்தை அல்ல. கழுத்தில் கத்தி இல்லை. எந்த ஒப்பந்தம் நிற்கும். ஒரு சொல் மாறவில்லை. மகள் பேசியது இவனுடைய பேச்சு, இந்த ஆட்கள் எல்லோரும் வழக்கமாகப் பேசும் பேச்சு என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முன்வரிசையில் சங்க வக்கீலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒல்ஃபா குனிந்து இரண்டு வார்த்தை சொன்னாள். சங்க வக்கீல் எழுந்து கேட்டார்: "பணம் எந்த வங்கி வழியாகப் போனது?"

அட்டைக்காரர் கோப்பைப் புரட்டினார். தண்ணீர் குடித்தார். மறுபடியும் புரட்டினார்.

உடைப்புக்காரன் காத்திருந்தான், முதலாளிக்கு அவசரம். மறுநாள் காலை தாழ்வாரத்தில் அட்டைக்காரர் வந்தார். "முழுச் சம்பளமும் தந்துடறோம். மனுவை வாபஸ் வாங்குங்க."

"லம்ஜத்தோடதும்" என்றார் மொன்ஜி.

"அவர் மனுவே போடலியே! சட்டப்படி..."

"எனக்குச் சட்டம் தெரியாது. அவன் போடாம இருந்ததுக்கு நான்தான் காரணம். வழியெல்லாம் இவளைத் திட்டி அவன் நம்பிக்கையைக் கெடுத்தவன் நான். ரெண்டு பேருக்கும் குடு. இல்ல, கப்பல் கெடந்து துருப்பிடிக்கட்டும்."

வக்கீல் ஒல்ஃபாவைப் பார்த்தார். "நீயாவது உங்கப்பாவுக்குப் புரிய வைம்மா."

"அவருக்கு நல்லாப் புரிஞ்சிருக்கு சார்" என்றாள் ஒல்ஃபா. "லம்ஜத் மாமா நாளைக்குத் தனியா மனு போடுவாரு. இன்னும் ரெண்டு மாசம் இழுக்கும். உங்க ஆளுக்குப் பரவாயில்லையா?"

வியாழக்கிழமை இருவரின் அஞ்சலகக் கணக்கிலும் பணம் வந்தது. மொன்ஜிக்கு அதே பத்தொன்பதாயிரத்து இருநூற்று ஐம்பது. ஒரு மில்லீம் வட்டி இல்லை, ஒரு மன்னிப்பு இல்லை. மொன்ஜி அஞ்சலக வாசலில் நின்று, வாயில் வந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லித் தீர்த்தார்.

"வட்டிக்குத் தனியா வழக்குப் போடலாம் பாபா."

"வேண்டாம். வட்டி தள்ளுபடி. கணக்கு முடிஞ்சுதுன்னு எழுதிக் குடுத்துடு. அவனுங்க மூஞ்சியை நான் இனிமே பாக்க மாட்டேன்."

"நான் பாக்கணும்" என்றாள் ஒல்ஃபா. "அந்த மூஞ்சிங்களைப் பாக்கத்தான் படிக்கிறேன்."

அங்கேயே சுவரில் தாளை வைத்து எழுதினாள். மொன்ஜி ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, கடன் தீர்ந்தது என்பதன் கீழே கையெழுத்துப் போட்டார்.