ஏரிப் பக்கத்துச் சுவர்

வீட்டை அழகுபடுத்தப் போகிறேன் என்று செங்கல்வராயன் சொன்னபோது அம்பிகா நம்பித்தான் தொலைத்தாள். பொன்னேரியில் மளிகைக் கடை வைத்திருக்கிற கொழுந்தன். பதினைந்து வருஷமாக நல்லது கெட்டதுக்கு மட்டும் ஊரில் தலைகாட்டுகிறவன். அவனுக்குத் திடீரென்று குடும்ப வீட்டின் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தால் சந்தேகப்பட வேண்டாமா? அவள் படவில்லை. புருஷன் போய் மூன்று வருஷமாகிறது, ஒண்டியாய்க் கிடக்கிற அண்ணிக்குச் செய்கிறான் என்று நினைத்து, கொத்தனாருக்கு வேளாவேளைக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

தரைக்கு டைல்ஸ் வந்தது. ஈரக்காலோடு நடந்தால் வழுக்கியது, போகட்டும் என்று விட்டாள். சமையற்கட்டில் கிரானைட் மேடை வந்தது. அது நிஜமாகவே நன்றாக இருந்தது, பொய் சொல்வானேன். அப்புறம் ஒரு நாள் மீன் விற்றுவிட்டுப் பழவேற்காட்டிலிருந்து திரும்பினாள். பின்கதவைத் திறந்தால் ஏரியைக் காணோம். ஆளுயரத்துக்கு ஒரு சுவர் நின்றது.

"இன்னாத்துக்குடா இது?"

"காம்பவுண்டு இருந்தாத்தான் வீட்டுக்கு மதிப்பு அண்ணி. ஞாயித்துக்கெழம மெட்ராஸ்லேர்ந்து ஒரு சார் பாக்க வர்றாரு. நீ கையெழுத்துப் போட்டா பாதி உனக்கு, பாதி எனக்கு. பொன்னேரியில உனக்கு வாடக வூடுகூட பாத்துட்டேன்."

அடப்பாவி! டீ போட்டுக் கொடுத்த தன் கையையே ஒடித்துப் போடலாம் போலிருந்தது அம்பிகாவுக்கு.

விற்பது ஒரு பக்கம். சுவர் அதைவிடப் பெரிய வினை. அந்த ஊரில் ஏரிப் பக்கத்தை யாரும் அடைப்பதில்லை. எல்லா வீட்டுப் பின்புறமும் சேர்ந்து ஒரே களம், யார் வலையும் எங்கேயும் காயும். அடைத்த வீட்டுக்குப் பாடு கிடையாது. எந்த நாளில் யார் ஏரியில் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்கிற முறைதான் பாடு. ஆம்பளை இல்லாத வீடானாலும் அடுப்பு எரிகிறவரை ஒரு சீட்டு உண்டு. அம்பிகாவின் முறையில் அவள் தம்பி கவியரசன் வலை போட்டு, பாதி மீனை அக்காவுக்குக் கொடுப்பான். அவள் சோறு அதில்தான். கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து செங்கல்வராயனுக்கு இதெல்லாம் மறந்தே போயிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஊர்ப் பெரியவர் தெய்வசிகாமணி வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"நாளைக்குக் காலைல குலுக்கல்மா. செவுரு நின்னா உன் சீட்டு உள்ள போவாது. ஊர்க் கட்டு, நான் இன்னா பண்றது?"

"செவுரு நிக்காது மாமா. நீங்க போங்க."

விடிந்ததும் பக்கத்து வீட்டு மார்கரெட்டிடம் கடப்பாரை கேட்டாள். கடப்பாரையோடு மார்கரெட்டும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஒன்பது மணிக்குப் பாதிச் சுவர் தரையில் கிடந்தது. அப்போதுதான் செங்கல்வராயன் அந்த மெட்ராஸ்காரரோடு உள்ளே நுழைந்தான்.

"ஐயையோ அண்ணி! பைத்தியம் புடிச்சிருச்சா? எவ்ளோ செலவுன்னு தெரியுமா?"

"நான் கேட்டனா? என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டுச் செலவுக் கணக்கு வேற சொல்றியா?"

வந்தவர் இவர்கள் சண்டையைக் கவனிக்கவே இல்லை. இடிந்த இடைவெளி வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடடா, என்ன வியூ! இதைப் போய் மறைச்சுட்டீங்களே. மிச்சத்தையும் இடிச்சிடுங்க. பேசினதுக்கு மேலயே தரேன்."

செங்கல்வராயன் முகத்தில் பல்ப் எரிந்தது. "பாத்தியா அண்ணி? நீ இடிச்சதும் நல்லதுக்குத்தான்!" என்று பையிலிருந்து பத்திரத்தை எடுத்து நீட்டினான்.

அம்பிகாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கட்டினாலும் விலை, இடித்தாலும் விலையா? அவள் பத்திரத்தைத் தொடவில்லை.

"சார், நீங்க பாக்குறது வியூ இல்ல. எங்க களம். இன்னும் கொஞ்ச நேரத்துல ஊர் வலையெல்லாம் இங்க காயும், நாத்தம் மூக்கத் தொளைக்கும். காருல ஏறுங்க. டேய், கையெழுத்து என்னுது. நான் செத்தாலும் போடமாட்டேன். வெளிய வா, பூட்டணும்."

இருவரும் வெளியே வந்ததும் பூட்டைப் போட்டாள். சிமெண்டுத் தூசியைக்கூடத் துடைக்காமல் ஏரிக்கரைக் கொட்டகைக்கு நடந்தாள். ஆம்பளைகள் பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தெய்வசிகாமணி இடிந்த சுவரை எட்டிப் பார்த்துவிட்டு, அவள் வீட்டுச் சீட்டைப் பானைக்குள் போட்டார். கவியரசன் வழக்கம்போல அக்காவுக்காக எடுக்க எழுந்தான்.

"நீ குந்து. என் வூட்டுக்கு நானே எடுக்கறேன்."

"பொம்பள எடுத்ததில்லையே அம்பிகா" என்றார் தெய்வசிகாமணி.

"எடுக்கக் கூடாதுன்னு கட்டு இருக்குதா மாமா?"

அவர் சுற்றிலும் பார்த்தார்.

"அப்படி ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, பானையை அவள் பக்கம் நகர்த்தினார்.

அம்பிகா கையை உள்ளே விட்டாள்.