ஜெய்னப் இறங்கவேண்டிய மெத்தை

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு போட்டோவிலிருந்து திருடியது. கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், பழைய சாமான் கடை ஒன்றில் கிடைத்தது. பின்பக்கம் பென்சிலில் '1966', அவ்வளவுதான். ஒரு சிறுமி தலைகீழாக அந்தரத்தில் இருக்கிறாள். பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார். இன்னொரு பக்கம் ஒரு பெண், கையில் கோணி ஊசி. கீழே? கீழே எதுவும் இல்லை. படத்தின் அடிப்பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது. அந்தப் பிள்ளை எதன்மேல் இறங்கியது என்று தெரியாமல் எனக்கு ஒரு வாரமாக வேறு வேலை ஓடவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "வங்கக் கடலின் அலைகள் பொன்னிறமாக—"

சீ, வேண்டாம்.

இரண்டாம் முயற்சி: "சிப்காட் புகைக்கு அப்பால்—" (அறுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை ஏது? கதை எழுதுகிறவன் காலண்டரையும் பார்க்கணும்.)

சரி, இப்படி ஆரம்பிக்கிறேன். சேக் பரீது கடலூரில் மெத்தை தைக்கிறவர். மகள் ஜெய்னபுக்கு ஒன்பது வயது. கடையில் அடுக்கியிருக்கும் மெத்தைகள்மேல் குட்டிக்கரணம் போட்டே வளர்ந்தவள். ஊருக்கு வந்த சர்க்கஸைப் பார்த்ததிலிருந்து நேராக நடப்பதையே விட்டுவிட்டாள். ஜிம்னாஸ்டிக் கிளப்பில் சேர்த்துவிடச் சொல்லி மூன்று மாத நச்சரிப்பு.

பரீதின் மனைவி ஷரீபா ஒருவழியாக ஒத்துக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை.

"என் கண்ணு முன்னால புள்ள ஒரு தடவ விழுந்தாலும் அதோட நிறுத்திப்புடணும். வாக்குக் குடுங்க."

பரீது கொடுத்தார். ஜெய்னபும் கொடுத்தாள், தலைகீழாக நின்றபடியே.

(ஷரீபாவைச் சிடுசிடுப்பான மனைவியாகத்தான் முதலில் எழுதினேன். அவள் மசியவில்லை. அவளுடைய தம்பி சின்ன வயதில் மரத்திலிருந்து* விழுந்து கால் ஊனமானவன் என்று சேர்த்த பிறகுதான் வாயையே திறந்தாள்.)

* என்ன மரம் என்று கேட்காதீர்கள். முருங்கை என்று வைத்துக்கொள்வோம். அதுதான் சுலபமாக முறியும்.

3

அப்பனும் மகளும் ரயிலேறிச் சிதம்பரம் போனார்கள். கோவிந்தசாமி மாஸ்டரின் கிளப் பெரிய கூடம். பளபளவென்று துடைத்த பார் கம்பிகள், தரை முழுக்க விரிப்பு. எங்கே போனாலும் படுக்கையை அமுக்கிப் பார்ப்பது பரீதின் தொழில் புத்தி. இங்கே விரிப்பை அமுக்கினார். நல்ல தையல்.

"பன்னெண்டு வருஷமா இங்க ஒரு புள்ள விழுந்ததில்ல, பாய்," என்றார் மாஸ்டர்.

அடடா! ஷரீபாவின் நிபந்தனைக்கென்றே கட்டிய இடம்! பரீதுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. கம்பியில் ஒரு பெண் தொங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் அவள் இடுப்பைப் பிடித்திருந்தார்கள்.

"இவுங்க எப்ப கைய விடுவாங்க?" என்று கேட்டாள் ஜெய்னப்.

"ரெண்டு வருஷம் ஆவும்மா."

திரும்பும் ரயிலில் ஜெய்னப் நேராக உட்கார்ந்து வந்தாள். பரங்கிப்பேட்டை ஸ்டேஷனில் முறுக்கு வாங்கிக் கொடுத்தார். தொடவில்லை. அந்தப் பிள்ளை அவ்வளவு நேரம் ஆடாமல் அசையாமல் இருந்து அவர் பார்த்ததே கிடையாது.

4

மறுநாள் கடலூர்க் கடற்கரையிலேயே இருக்கும் தேவனாம்பட்டினம். பட்டாளத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற லூர்துசாமி மாஸ்டரின் கிளப். கிளப் என்றால் ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு பார், கடல் மணல், மணல்மேல் சாக்கு. பிள்ளைகள் தொப்புத் தொப்பென்று விழுந்தார்கள், சிரித்தார்கள், எழுந்து ஓடினார்கள்.

"புள்ளைங்க விழுவாங்களா மாஸ்டர்?"

"என்ன பாய் இப்பிடிக் கேட்டுட்டீங்க! மொத மாசம் வேற ஒண்ணும் கெடையாது. விழறதுதான் பாடம்."

பரீது திரும்பினால், பக்கத்தில் நின்ற மகளைக் காணோம். சாக்கின்மேல் குப்புறக் கிடந்தாள். வாய் கொள்ளாத மணல், வாய் கொள்ளாத சிரிப்பு.

(லூர்துசாமிமேல் எனக்குச் சந்தேகம்தான். ரொம்ப நல்லவராக வந்துவிட்டார். மூக்குப்பொடி போட வைத்துப் பார்த்தேன். போட்டுக்கொண்டும் நல்லவராகவே இருக்கிறார். என்ன செய்ய?)

5

ஒரு பக்கம் வாக்கு. ஒரு பக்கம் அந்தச் சிரிப்பு. நீங்களாக இருந்தால் எந்த கிளப்பில் சேர்த்திருப்பீர்கள்? பரீது தேவனாம்பட்டினத்தில் சேர்த்துவிட்டார். முதல் மாதம் முழுக்கத் தலையில் மணலோடு வந்த மகள் விழுந்து எழுவதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை.

பிறகு வந்தது வினை. பெற்றோர் வந்து பார்க்கும் நாள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டார் மாஸ்டர். அம்மாவும் வரணுமாம்.

மெத்தைக்காரருக்குத் தெரிந்தது மெத்தைதானே! விழுந்தாலும் விழுந்ததாகவே தெரியாத மெத்தை ஒன்று தைக்க உட்கார்ந்தார். உசத்தியான இலவம்பஞ்சு, கொட்டை பொறுக்கி, பஞ்சடிக்கும் வில்லால் இரண்டு நாள் அடித்து, முழங்கால் உயரத்துக்கு அடைத்தார்.

"யாரு வூட்டுக் கல்யாணம்?" என்றாள் ஷரீபா.

"பெரிய எடம்," என்றார் பரீது.

6

அந்த ஞாயிற்றுக்கிழமை ஷரீபா வந்தாள், போட்டோக்காரரும் வந்திருந்தார். பரீது கைவண்டியிலிருந்து மெத்தையை இறக்கி பாருக்கு அடியில் போட்டார். கல்யாணம் யாருக்கென்று ஷரீபாவுக்குப் புரிந்துவிட்டது. லூர்துசாமி "பாய், இது வந்து—" என்று வாயெடுப்பதற்குள் ஜெய்னப் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையை விட்டாள். அந்தரத்தில் ஒரு பல்டி. இரண்டு காலையும் சேர்த்து அழகாக இறங்கினாள். இறங்கினவள் நிற்காமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தாள். பஞ்சு முழங்கால்வரை விழுங்கி அவளைக் குப்புறத் தள்ளியது.



ஜெய்னப் எழுந்து அம்மாவைப் பார்த்தாள். அய்யோ, என் கையாலயே கெடுத்தேனே என்று பரீது தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஷரீபா நேரே வந்து மெத்தையை அமுக்கினாள். கை முழங்கைவரை போனது.

"இதுல எவ நிப்பா? எங்க, நீங்க ஏறி நில்லுங்க பாப்போம்."

ஏறினார். விழுந்தார். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள்.

"என் புள்ள விழல," என்று ஊருக்கே கேட்கச் சொன்னாள் ஷரீபா. "மெத்த தள்ளிவுட்டுடுச்சு. வண்டியில நாரு இருக்கா?"

மெத்தைக்காரர் வண்டியில் தேங்காய் நார் மூட்டையும் கோணி ஊசியும் இல்லாமலா? தையலைப் பிரித்தாள். அள்ளிப் போட்ட பஞ்சைக் கடல்காற்று வாரிக்கொண்டு போக, பிள்ளைகள் கத்திக்கொண்டே துரத்தினார்கள். நாரைத் திணித்து இழுத்துத் தைத்தாள். லூர்துசாமி ஏறி மிதித்துப் பார்த்து, ஒரு தும்மல் போட்டு, "கெட்டி," என்றார்.

"கம்பியில ஏறுடி," என்றாள் ஷரீபா மகளிடம்.

"விழுந்துட்டா?"

"எனக்குப் பயமாத்தான் இருக்கு. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது. நீ ஏறு."

7

முடிவு அ: ஜெய்னப் கால் பதித்து நிற்கிறாள். கொட்டகையே கைதட்டுகிறது. (சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி.)

முடிவு ஆ: மறுபடியும் விழுகிறாள். முதலில் சிரிப்பது ஷரீபா. (இது எனக்குப் பிடித்தது. அதனாலேயே நம்பிக்கையில்லை.)

முடிவு இ: "பல வருஷம் கழித்து ஜெய்னப் தன் மகளுக்கு—" போதும், நிறுத்து.

போட்டோவை மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். பரீது கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். இத்தனை நாள் நான் ஷரீபாவின் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கண்ணை மூடவில்லை. அகலத் திறந்து மேலே மகளையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

ஜெய்னப் கையை விட்டாயிற்று. கரையான் தின்ற இடம் இனி உங்களுடையது. எதையாவது விரியுங்கள், சீக்கிரம்! இலவம்பஞ்சு மட்டும் வேண்டாம்.