கம்பியை விடாத பெட்டி

1
இந்தக் கதை என் சோம்பலில் பிறந்தது. பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்துக்குக் கையேடு எழுதித் தரச் சொன்னார்கள். கேள்வி கேட்கும் கருவியின் பெயர் மாஸ்டர், பதில் சொல்வதன் பெயர் ஸ்லேவ். ‘அடிமை பதில் சொல்லும்’ என்று தமிழில் எழுதிப் பார்த்தேன், கை கூசியது. கையேடு அங்கேயே நிற்கிறது.

2
பால் தொட்டிமேல் காலை வெயில் தங்கக் குழம்பாக… (வேண்டாம். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.)

நிலையப் பொறுப்பாளர் சுகுணா களைத்திருந்தார். காலையிலிருந்து தொட்டியின் வெப்பநிலை திரையில் வரவில்லை. கை தெர்மாமீட்டர் நாலு டிகிரி காட்டியது. பால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் திரையில் எண் வராத பாலை டேங்கர் ஏற்றக்கூடாது என்பது விதி. டேங்கர் வெறுமனே திரும்பினால் நாற்பது வீட்டுப் பாலையும் கொட்ட வேண்டும்.

3
மெக்கானிக் கலைவாணனை ஒரு வரைவில் பொய்யராக எழுதினேன், அடுத்ததில் மேதையாக. உண்மையில் அவர் மத்தியானம் சாப்பிடாதவர், அவ்வளவுதான்.

அவர் விளக்கியது இது. கேள்வி கேட்கும் பெட்டிக்கும் தொட்டியில் வெப்பம் அளக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரே ஜோடிக் கம்பி. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பெட்டிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுக் கம்பியில் மின்சாரம் ஏறினால் பெட்டி பேசும், இறங்கினால் பதிலைக் காதுகொடுத்துக் கேட்கும். சீக்கிரம் இறக்கினால் கேள்வியின் வால் அறுந்துவிடும். அந்தப் பயத்தில் கேள்வி முடிந்த பிறகும் இருபது மில்லிசெகண்ட் கம்பியைப் பிடித்திருக்கும்படி வைத்தவர் கலைவாணனேதான். பழைய சென்சார் மந்தம், பொறுத்துக்கொண்டது. நேற்று மாட்டிய புதியது ஐந்து மில்லிசெகண்டிலேயே பதிலை ஆரம்பித்துவிடுகிறது. பதிலின் தலையில் சென்சாரின் அடையாள எண் இருக்கும். பெட்டி இன்னும் கம்பியை விடாததால் அது அடிபட்டதும், யாரோ எவரோ என்று பெட்டி முழுப் பதிலையும் தள்ளிவிடுகிறது.

[பத்திரிகைகளிலிருந்து என் கதைகள் திரும்பி வருவதும் இதனால்தான் என்று நம்ப ஆசை.]

4
“புதுசு பேசுதா இல்லீங்களா?” சுகுணா கேட்டார்.

“பேசுதுங்க்கா. நம்ம பொட்டிதான் கேட்டுப்புட்டு வாய மூட மாட்டேங்குது.”

“எங்க வூட்டுக்காரர இதுக்குள்ள யாரு வெச்சது?”

கலைவாணன் சிரிக்கவில்லை. “நான்தாங்க்கா வெச்சேன். பயந்துட்டு இருபது வெச்சேன்.”

டேங்கர் டிரைவர் அர்ச்சுனன் வண்டியில் ஏறி உட்கார்ந்து, பென்னாகரத்திலும் பால் காத்திருப்பதாகச் சொன்னார். கலைவாணன் இருபதை ஒன்றாகக் குறைத்தார்.

5
முடிவு அ: 4.1 வருகிறது. அர்ச்சுனன் இறங்குகிறார்.

முடிவு ஆ: ஒன்று போதவில்லை, கேள்வியின் வால் அறுகிறது. பால்…

ஆ-வை எழுத எனக்குக் கை வரவில்லை. அ-வை எழுதினால் நானே நம்பமாட்டேன். பெட்டி கேள்வியைக் கேட்டு முடித்துக் கம்பியை விட்டுவிட்டது. சுகுணா திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் அவருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். எனக்கு இங்கிருந்து தெரியவில்லை. என்ன வந்திருக்குதுங்க?