பெட்டி பார்த்துவிட்டு வந்த நாடு

2019 ஜூலை 15, திங்கட்கிழமை, திருச்சி உறையூர். காலை ஒன்பதரை மணிக்கு என் பெட்டி எனக்கு முன்னால் வெளிநாடு போனது.

எனக்கு டிக்கெட் ஆடியில்தான் கிடைத்திருந்தது. ஆடியில் கிளம்பக் கூடாது. அதனால் ஆனி முடிவதற்குள் நல்ல நேரம் பார்த்து, பெட்டியை எதிர்வீட்டில் பரஸ்தானம் வைத்தேன். பெட்டி வாசலைத் தாண்டினால் ஆளே கிளம்பிவிட்டதாக அர்த்தம். எங்கள் தெருவில் எல்லோரும் செய்வதுதான். பெட்டி எதிர்வீட்டில் நிற்கவில்லை.

பத்தாம் நாள் திரும்பியது. வெயிலில் கறுத்திருந்தது. சக்கரங்களில் பனி ஒட்டியிருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல," என்றார் எதிர்வீட்டு பாக்கியம் அக்கா. "பெரிய எடம் பாத்துட்டு வந்த திமிரு."

பெட்டி போய்வந்த நாட்டின் அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. ஏறி முடிக்க மதியமானது. அதிகாரி ஒரு தினசரிக் காலண்டர். ஆணியில் தொங்கியபடி பேசினார்.

"ஒருத்தருக்கு ஒரு தடவதான் மேடம். நீங்க பாத்தாச்சு."

"பெட்டி பாத்துச்சு. நான் பாக்கல."

"கல்பாலம், பழைய கோட்டை, பனிமலை. எல்லா எடத்துலயும் கையெழுத்து போட்டிருக்கீங்க."

"பெட்டிக்கு ஏதுங்க கை?"

"கைப்பிடி இருக்குல்ல."

அங்கே போக இருபத்தாறு வருடமாக நல்ல மாதம் பார்த்துக்கொண்டிருப்பதைச் சொன்னேன். ஏப்ரலில் பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டும். ஐப்பசியில் மழை. தையில் யாருக்காவது கல்யாணம்.

அவர் தாள்கள் லேசாகப் படபடத்தன.

"பதிவேடே இல்லாத நாள் ஒண்ணு இருக்கு. யாரும் வர்றதில்ல, அதனால வைக்கல. வர்ற ஞாயிறு, ராகு காலம். ஆடி மாசம். சூலம் மேற்கு. எங்க நாடும் மேற்கு."

"அதைக் குடுங்க."

"வேணாம் மேடம். போன காரியம் வெளங்காது."

"இத்தன வருஷம் நல்ல நேரம் பாத்தேன். எது வெளங்குச்சு?"

"ஞாயிறு இன்னும் உள்ள இருக்கு. இன்னிக்கு வியாழன்தானே."

வியாழனைக் கிழித்தேன். அவர் நெளிந்தார்.

"கூசுது மேடம். வெள்ளிய விட்டுருங்க. முகூர்த்த நாளு. நாலு பேரு கல்யாணம் வச்சிருக்காங்க."

"அவங்க ஆடியில வைக்க மாட்டாங்க," என்றேன். வெள்ளியையும் கிழித்தேன். சனி தானாகவே உதிர்ந்தது.

ஞாயிறு மாலை மணி நாலே முக்கால். மேற்குப் பக்கம் ஒரு கதவு இருந்தது. பெட்டி அதன் குறுக்கே வந்து நின்றது.

"தள்ளு," என்றேன்.

அது நகரவில்லை. மேலே ஏறித் தாண்டினேன்.

அங்கே பெருமழை. பாலத்தை மூடியிருந்தார்கள். கோட்டை வாசலில் காவலர் என்னைப் பார்த்து, சீசன் இல்லை என்றார். தெரியும் என்றேன். ஒரு மணி நேரம் நனைந்துகொண்டு நின்றேன். மலையின் கீழ்ப்பாதி தெரிந்தது. அதை நான் பார்த்தேன்.