களத்துக்குள் ஏறிய வாய்

மனேச்சர் சிற்றம்பலத்தாரின் வாய்க்குப் பயந்து வேலையை விட்டு ஓடியவர்களை ஒன்றாக நிறுத்தினால் வவுனியாச் சந்தையில் ஒரு பக்கம் நிரம்பும். பூவரசங்குளத்துக்கு அப்பால் காடு வெட்டிப் போட்ட விதை நெல் பண்ணை அரசாங்கத்தினுடையது. வாய் மட்டும் அவருடைய சொந்தம். மண்வெட்டியைச் சாய்த்து வைத்தாலும் ஏச்சு, நிமிர்த்தி வைத்தாலும் ஏச்சு. குறை ஒன்றும் அகப்படாத நாளில், "எல்லாம் ஒழுங்கா இருக்குது. என்னத்தையோ ஒளிக்கிறியள்!" என்று ஏசுவார்.

ஆட்களின் வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் பரமலிங்கத்துக்கு அது உறைப்பதில்லை. மனைவி செத்து ஒரு வருஷம். அதற்குப் பிறகு அவனுக்கு எதுவுமே உறைப்பதில்லை. வைக்கோற்போரில் விழுந்த கல்லைப்போல் ஏச்சு அவனுக்குள் போய்ச் சத்தமில்லாமல் கிடக்கும். அதனால் மனேச்சரிடம் எது சொல்ல வேண்டுமென்றாலும் ஆட்கள் அவனைத்தான் முன்னே தள்ளுவார்கள்.

அந்தப் பங்குனியில் அறுவடை முடிந்து, கதிர்க்கட்டுகளைக் கோபுரமாக அடுக்கிச் சூடு வைத்திருந்தார்கள். மற்றச் சூடுகளெல்லாம் மிதித்து நெல் பிரித்தாயிற்று. கடைசிச் சூடு ஒன்றுதான் மிச்சம். சிறுபோகத்துக்கு விதை தருவதாகக் குடியேற்றக் கமக்காரருக்குப் பரமலிங்கம் வாக்குக் கொடுத்திருந்தது அந்த நெல்லை நம்பித்தான். சூடு மிதிக்கிற உழவு மெசினோ பழுதாகிக் கிடந்தது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்தால் நெல் சூட்டிலேயே முளைத்துவிடும்.

அண்ணன் முறையாக எல்லோரும் காக்கா என்று கூப்பிடும் அடுத்த ஊர் அப்துல் மஜீத் தன் எருமைக் கடாக்களையும் சூடு மிதிக்க ஆட்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் சால்வையை உதறித் தோளில் போடுமுன் மனேச்சர் தொடங்கிவிட்டார்.

"இதென்ன, கடாவோ கன்றுக்குட்டியோ? கொண்டந்த ஆக்களைப் பாத்தா இதுகளே பரவாயில்லை!"

மஜீத் கடாக்களைத் திருப்பினார். ஆட்களும் திரும்பினார்கள்.

பரமலிங்கம் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். மஜீத் பாலைமரத்தடியில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"காக்கா, நாளைக்கு மழை வரப்போகுது."

"எனக்கும் கண் இருக்குது தம்பி."

"அந்தாள் பேசினதுக்கு நெல்லு என்ன பாவம் செய்தது?"

மஜீத் வெற்றிலையை ஒரு கொடுப்புக்குள் ஒதுக்கிக்கொண்டு யோசித்தார்.

"அந்தாள் களத்துக்கு வெளியில நிண்டு கத்திறதாலதான் கரைச்சல். உள்ளுக்கு நிண்டா ஏசேலாது. ஏசினா நெல்லு கோவிச்சுக்கொண்டு போயிரும். வாயைத் திறந்தா, நெல்லுப் பெருகவேணுமெண்டு, பொலி எண்டுதான் சொல்லவேணும். எங்கட வாப்பா காலத்துச் சட்டம், உங்கட ஆக்களுக்கும் அதுதான். நீ அவரைக் களத்துக்குள்ள ஏத்து. நான் வாறன்."

"ஏறுவாரோ?"

"மரியாதை எண்டு சொல்லிப் பார். ஏணி வைச்சும் ஏறுவார்."

பின்னேரம் பரமலிங்கம் மனேச்சருக்கு முன்னால் போய் நின்றான்.

"ஐயா, களமெண்டா ஒரு களத்துக்காரன் வேணுமாம். அரசாங்கம் வந்து நிக்காது. முதல் கதிர்க்கட்டை நீங்கள்தான் போடவேணும் எண்டு மஜீத் காக்கா சொல்லுறார். பிறகு கடைசிச் சாக்குப் போகுமட்டும் களத்தை விட்டு இறங்கக் கூடாது. களத்துப் பேச்சுத்தான் பேசவேணும்."

மனேச்சர் மீசையைத் தடவினார். "என்னை விட்டா வேற ஆர் இருக்கினம்? களத்துச் சட்டம் நீ எனக்குப் படிப்பிக்க வேண்டாம். நான் கமக்காரனுக்குப் பிறந்தவன்."

சட்டம் அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. தன் வாயைத்தான் தெரிந்திருக்கவில்லை.

விடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்தில் ஏறிக் கும்பிட்டு முதல் கட்டைப் போட்டார். கடாக்கள் சுற்றத் தொடங்கின. ஆட்கள் "பொலி! பொலி!" என்று குரல் வைத்தார்கள். எல்லாம் வடிவாகத்தான் நடந்தது, பண்ணையாள் நடராசா சுமந்து வந்த கதிர்க்கட்டு நழுவி மனேச்சரின் கால்விரலில் விழும்வரைக்கும்.

"டேய் எரு..."

மஜீத் திரும்பிப் பார்த்தார். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடாக்களும் நின்றுவிட்டன. மனேச்சரின் கழுத்து நரம்பு புடைத்தது. கண் பிதுங்கியது. வெளியே வந்த சொல்லை மறுபடி விழுங்க முடியாமல் தவித்தார்.

"...பொலி!" என்றார்.

"பொலி! பொலி!" களம் முழுக்க எடுத்துப் பிடித்தது. கடாக்கள் துள்ளிக்கொண்டு கிளம்பின.

மத்தியானத்துக்குள் தன் ஏச்சு முழுவதையும் அந்த ஒரே சொல்லுக்குள் அடைக்க மனேச்சர் பழகிவிட்டார். இழுத்துச் சொன்னால் சோம்பேறி. வெட்டிச் சொன்னால் கள்ளன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் என்ன பொருளென்று பெண்பிள்ளைகள் இருக்கிற இடத்தில் கேட்க முடியாது.

"ஐயா, இப்ப ஏசினது என்னையோ, என்ர அப்புவையோ?" என்று நடராசா பணிவாகக் கேட்டான்.

"பொலி!"

"ரெண்டு பேரையுமாம்," என்று நடராசா மற்றவர்களுக்குச் சொன்னான்.

பரமலிங்கத்தின் நெஞ்சுக்குள் ஏதோ இடறியது. இருமல் என்றுதான் நினைத்தான். அது சிரிப்பு. வைக்கோல் இழுக்கும் கொக்கத்தடியை ஊன்றிப் பார்த்தான், நிற்க முடியவில்லை. வைக்கோலில் குந்திக் கண்ணில் நீர் வழியச் சிரித்தான். ஆட்கள் ஒரு கணம் திகைத்துப்போய், பிறகு தாங்களும் சேர்ந்துகொண்டார்கள். மனேச்சர் அவனைப் பார்த்துப் "பொலி" என்ற விதம் அந்தச் சிரிப்பை இன்னும் மோசமாக்கியது.

ஏச்சில்லாத களத்தில் கைகள் தாமாக ஓடின. வைக்கோலை உதறி ஒதுக்கினார்கள். பின்னேரக் காற்று எழும்பத் தூற்றினார்கள். பதர் பறந்தது, நெல் மஞ்சளாகக் குவிந்தது. முகில் தலைக்கு மேல் வந்தபோது சாக்குப் பிடிக்க ஆள் போதவில்லை. மனேச்சர் தானே முழங்காலில் இருந்து சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார். பரமலிங்கம் பனையோலைக் கடகத்தால் அள்ளிக் கொட்டினான். ஒரு மணி கீழே சிந்தவில்லை. நடராசாவும் மற்றவர்களும் களஞ்சியத்துக்கும் களத்துக்குமாக ஓடினார்கள்.

கடைசிச் சாக்கு உள்ளே போய்க் கதவு சாத்தப்பட்டது. மஜீத் களத்தைக் கூட்டிவிட்டு விளக்குமாற்றைச் சாய்த்து வைத்தார்.

"இனி இறங்கலாம் ஐயா."

மனேச்சர் இறங்கினார். செருப்பைப் போட்டார். ஆட்கள் சுற்றிவரக் குந்தினார்கள். குசினியிலிருந்து தேத்தண்ணீர் கொண்டுவந்த அன்னபாக்கியமும் கேத்தலை வைத்துவிட்டு நின்றாள். மனேச்சர் நெஞ்சு நிறைய மூச்சிழுத்தார்.

"டேய் நடராசா!"

கதிர்க்கட்டில் தொடங்கினார். நடராசாவின் பாட்டன் வரை போய்த் திரும்பினார். கடாக்களின் நடை, மஜீத்தின் தாடி, அரசாங்கச் சம்பளத்தில் பல்லைக் காட்டிய ஓவசியர், விடிய வரப்போவதாகப் பயமுறுத்திவிட்டு இவ்வளவு நேரமும் சோம்பிக் கிடந்த மழை, ஒன்றையும் விடவில்லை. கூத்துப் பார்ப்பதுபோல் எல்லோரும் தேத்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்கள்.

"சாக்கைக் கட்டின கயிறு, ஐயா," என்று மஜீத் அடி எடுத்துக் கொடுத்தார்.

"ஓம், கயிறு! அதுவும் ஒரு கயிறோ?"

முதல் துளிகள் விழுந்தன. பிறகு கொட்டியது. நெல் களஞ்சியத்துக்குள் நனையாமல் கிடந்தது. பரமலிங்கமும் ஆட்களும் வெளியே நனைந்துகொண்டு இருந்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை. மனேச்சர் இன்னும் முடிக்கவில்லை.