மீன்கள் மலைமேய்ச்சலுக்குப் போன கோடை

என் அக்கா ஜிபார்குல் மீன் வளர்க்கிறாள். இசிக்குல் ஏரிக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் மூன்று குளங்கள். விரல் நீளத்தில் நாலாயிரம் டிரவுட் குஞ்சுகள். எங்கள் மாவட்டத்தில் மீனுக்கென்று உரிமப் படிவம் கிடையாது. ஆகவே ஆட்டுப் படிவத்தில் 'ஆடு' என்பதை அடித்துவிட்டு, மேலே பேனாவால் 'மீன்' என்று எழுதித் தந்தார்கள். நிர்வாகச் சீர்திருத்தம் அத்துடன் நிறைவுற்றது.

கொம்பின் நீளம், ரோமத்தின் நிறம், காதில் குத்திய எண். எல்லாவற்றுக்கும் அக்கா 'இல்லை' என்று எழுதினாள். பதினேழாம் கேள்விக்கும் அதையே எழுதினாள்: கோடையில் எந்த மலைமேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லப்படும்?

படிவம் மூன்று முறை திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் உரிமம் இல்லையென்றால் குளங்களை வடித்துவிட வேண்டும் என்று உத்தரவும் கூடவே வந்தது. நாலாவது முறை நானும் போனேன்.

அதிகாரி மெதெத்பெக் அக்காவைவிட இளையவர். மரியாதையாக ஏஜே, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்.

"கொம்பு இல்லாட்டி பரவாயில்ல, ஏஜே. மொட்டை ஆடும் இருக்கு. ஆனா கோடையில மலையேறாத மந்தைன்னு நம்ம நாட்டுல ஒண்ணு உண்டா?"

"அது மீனுப்பா!"

"மீனுக்கு வெயில் அடிக்காதா? தண்ணி சூடாகி வாயைப் பொளந்துட்டுக் கெடக்குன்னு நீங்கதானே போன மாசம் புலம்பினீங்க?"

அக்கா திட்டுவதற்காக வாயைத் திறந்தாள். திட்டுக்குப் பதில் யோசனை வந்தது. பேனாவை வாங்கி, பதினேழாம் வரியில் 'கரா-புலாக்' என்று எழுதினாள்.

கரா-புலாக் மேலே இருக்கும் பனி ஊற்று. அதன் தண்ணீரைக் கேட்டு ஆறு வருடமாக நடந்தாள். மேய்ச்சல் குழுத் தலைவர் சாகினாலி, "அது மந்தைக்காரங்களுக்குத்தான்" என்று சொல்லியே அனுப்பினார்.

அன்றைக்கே அவரைத் தேடிப் போனோம். குதிரை மேல் இருந்தார்.

"மேய்ச்சல் சீட்டு வேணும், அண்ணே. நாலாயிரம் தலை."

"மீனா? நடந்தே வருமா? நாய் எத்தனை கூட வருது?"

"நாய் எதுக்கு? எல்லாம் அடக்கமான புள்ளைங்க."

"புல்லு?"

"ஒரு இணுக்குகூடத் தொடாது. எழுதியே தரேன்."

தலைவரின் சிரிப்பு நின்றது. புல்லுக்காக வருடம் முழுக்க மண்டை உடையும் பள்ளத்தாக்கில், புல் தின்னாத மந்தை! உடனே முத்திரை குத்தினார். மேய்ச்சல் சீட்டு உள்ள மந்தைக்கு ஊற்றிலும் உரிமை உண்டு என்று பின்பக்கம் அச்சிட்டிருந்ததைக் குத்திய பிறகுதான் படித்தார்.

வியாழக்கிழமை பால் கேன்களில் பனிக்கட்டி போட்டு, லாரியில் ஏற்றி, மூன்று நடையில் மந்தையை மலையேற்றினோம். புதிதாக வந்து இறங்கும் குடும்பத்துக்கு முதல் சாப்பாடு பக்கத்துக் கூடாரங்களின் பொறுப்பு. பொரித்த மாவும் புளித்த குதிரைப்பாலும் சுமந்து வந்தவர்கள் ஊற்றுக் குட்டையை எட்டிப் பார்த்து, வழக்கம்போலவே, "மந்தை கொழுக்கட்டும்!" என்று வாழ்த்தினார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மலையில் மந்தை என்றால் மந்தைதான்.

வெள்ளிக்கிழமை மெதெத்பெக் ஏறி வந்தார், மூச்சு வாங்க. "எண்ணணும், ஏஜே."

"எண்ணுப்பா."

குளிர்ந்த நீரில் மீன்கள் அம்பாகப் பாய்ந்துகொண்டிருந்தன. பதினொன்று வரை எண்ணினார். பிறகு நாலாயிரம் என்று எழுதி, பக்கத்தில் நின்ற குதிரையின் சேணத்தின் மேல் வைத்து முத்திரை குத்தினார். பத்து வருட உரிமம்: மூன்று குளம், ஒரு ஊற்று.

அக்கா காகிதத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து எல்லாக் கூடாரத்தையும் ஒரு சுற்று சுற்றி வந்தாள். வந்ததும் அதிகாரியிடம் கேட்டாள்:

"தம்பி, அடுத்த வருஷம் நண்டும் வளர்க்கலாம்னு இருக்கேன். படிவம் இருக்கா?"

மெதெத்பெக் யோசித்தார். "நண்டுக்கு எத்தனை காலு, ஏஜே?"

"பத்து."

"அப்ப ஒரு நண்டுக்கு ரெண்டரை ஆடுன்னு போட்டுக்கலாம்."