மஞ்சள் மீன்களுக்கு நான் ஊற்றிய தண்ணீர்

மலைமேல் எங்கள் வாழவந்தி நாட்டில் யார் புது வீடு கட்டினாலும் முதல் குடம் தண்ணீர் எங்கள் ஊற்றிலிருந்துதான் போகும். என் பாட்டனார் காலத்திலிருந்து எங்கள் பெரிய வீட்டுக்கு உள்ள மரியாதை அது. வாசலூர்பட்டியில் படகுத்துறைக்குப் பக்கத்தில் விடுதி கட்டிய நல்லமுத்துவும் என்னைத்தான் வந்து கேட்டான்.

அந்த விடுதியின் முன்கூடத்தில் நாலடி நீள மீன் தொட்டி அமைக்கும் வேலையை என் மருமகள் யமுனா எடுத்திருந்தாள். அவள் அடிவாரத்தில் பிறந்தவள், மீன் வளர்ப்பைப் படித்தவள். இதுதான் அவளுக்கு முதல் பெரிய வேலை. இதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று இன்னும் மூன்று விடுதிக்காரர்கள் காத்திருந்தார்கள்.

ஒரு மாதம் அந்தத் தொட்டியோடு கிடந்தாள். மணல் பரப்பி, சுண்ணாம்புக் கல்லைக் குகை குகையாக அடுக்கி, மீனே இல்லாமல் மூன்று வாரம் வடிகட்டியை ஓடவிட்டாள். பிறகு பத்து மீன்களை விட்டாள். எலுமிச்சை நிறத்தில் ஏழு, நீலத்தில் மூன்று.

"ஆப்பிரிக்கா ஏரி மீனுங்க மாமா, சிக்லிட்டுன்னு பேரு. இந்த இனத்துல நெறைய ஒன்னையொன்னு கடிச்சுக் கொதறும். இதுங்க சாதுங்க" என்றாள்.

"தண்ணி எங்கிருந்து கண்ணு?"

"எங்கம்மா ஊட்டு போர் தண்ணிதானுங்க. உப்புத்தண்ணியிலதான் இது பொழைக்கும்."

எழுபது கொண்டை ஊசி வளைவு தாண்டி, அடிவாரத்து உப்புத்தண்ணீர் டிரம்மில் ஏறி வருகிறது. எங்கள் ஊற்று இருக்கும் மலைக்கு!

திறப்பு நாள் காலையில் ஜீப்பில் ஐந்து கேன் ஊற்றுத் தண்ணீர் கொண்டுபோனேன். எல்லோரும் கொல்லையில் சமையலில் இருந்தார்கள். யமுனா இன்னும் வரவில்லை. முன்கூடத்து மூலையில் இரண்டு டிரம் உப்புத்தண்ணீர் நின்றது. எங்கள் ஊற்று இருக்க, தொட்டிக்கு இந்தத் தண்ணீரா என்று வருகிறவர்கள் நினைக்கமாட்டார்களா? தொட்டியில் குழாயைப் போட்டுப் பாதித் தண்ணீரை வெளியே இறக்கினேன். ஊற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றி நிரப்பினேன். அன்றைக்குப் பனி அதிகம். தண்ணீர் கையை விறைக்கவைத்தது. நல்ல காரியம் செய்த திருப்தியோடு போய்ப் பந்தலில் உட்கார்ந்தேன்.

பந்தி முடிவதற்குள் ஏழு மீன்கள் செத்து மிதந்தன. மற்ற மூன்றும் மணலில் சாய்ந்து கிடந்தன.

"என் விடுதி தொறக்கற அன்னிக்கே சாவா?" நல்லமுத்து கத்தினான். "இந்த உப்பக் குடிச்சா மனுசனே செத்துருவான். மீனு எப்படிம்மா பொழைக்கும்?"

விடுதிக்காரர்கள் மூவரும் அங்கேதான் நின்றார்கள். யமுனா தொட்டிக்குள் கையை விட்டாள். விட்ட கையை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

வீடு வந்து சேர்ந்ததும் ஒன்றே ஒன்று சொன்னாள்: "தண்ணி சில்லுனு இருந்துதுங்க மாமா."

மறுநாள் காலைக்குள் மூன்று விடுதிக்காரர்களும் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அவள் வலைகளையும் குழாய்களையும் கழுவி, ஒரு சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபின் என்னால் உட்கார முடியவில்லை. நல்லமுத்துவிடம் போனேன்.

"தொட்டியில தண்ணி மாத்துனது நான்தான். எங்க ஊத்துத் தண்ணிய ஊத்துனேன்."

அவன் சிரித்தான். "மருமகளுக்காகப் பழிய உங்க தலையில போட்டுக்கறீங்க. உங்க ஊத்துத் தண்ணி கொல்லுமுங்களா? சாமிக்கே அதுலதானுங்க அபிசேகம்."

நான் உண்மையைச் சொல்கிறேன், என் வீட்டுப் பெருமை அவனை அதை நம்பவிடவில்லை. திரும்பி வந்து யமுனாவிடம், "தண்ணியச் சோதிக்கற மருந்த எடுத்துக்கிட்டு வா" என்றேன். மூன்று விடுதிக்காரர்களையும் நானே போய் அழைத்து வந்தேன்.

நல்லமுத்துவின் முன்கூடத்தில் இரண்டு கண்ணாடிக் குப்பிகளை வைத்தாள். ஒன்றில் டிரம் தண்ணீர், இன்னொன்றில் எங்கள் ஊற்று. இரண்டிலும் மருந்தைச் சொட்டினாள். டிரம் தண்ணீர் நீலமானது. எங்கள் தண்ணீர் மஞ்சளானது.

"நீலம் வந்தாத்தானுங்க இந்த மீனுக்கு ஆகும்" என்றாள். "பாதித் தொட்டிய ஒரேடியா மாத்துனதும், அந்தச் சில்லுப்பும் சேர்ந்து கொன்னுருச்சுங்க."

"அதை ஊத்துனவன் நான். இவ மேல குத்தமில்ல" என்றேன்.

அந்த மூன்று விடுதிக்காரர்களில் ஒருத்தியான பொன்னம்மாள் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "ஏனுங்க, பெரிய ஊட்டுத் தண்ணிக்குக் காமாலையாமா?"

கூடமே சிரித்தது. "குடிக்கறதுக்கு இதைவிட நல்ல தண்ணி இல்லீங்க. இந்த மீனுக்குத்தான்..." என்று யமுனா பதறிச் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

சிரிப்பு அடங்கியதும் நல்லமுத்து அவளிடம் பேசினான். "மறுபடி ஆரம்பிம்மா. ஆனா மீனு நெலைக்கற வரைக்கும் உங்க மாமனார் இந்தக் கூடத்துக்குள்ள வரப்படாது."

என்னை நேரே பார்த்து அதைச் சொல்ல அவனால் முடியவில்லை.

"வரமாட்டேன்" என்றேன்.

பொன்னம்மாள் தன் விடுதிக்கும் அளவெடுக்க வரச் சொன்னாள். யமுனா வெளியே வந்து வண்டியை எடுத்தாள். "ஏறுங்க மாமா, ஊட்டுல விட்டுட்டுப் போறேன்."

"நீ உங்கம்மா ஊட்டுத் தண்ணிக்குச் சொல்லப் போ கண்ணு. நேரமாச்சு."

அவள் அடிவாரப் பக்கம் இறங்கிப் போனாள். ரோட்டில் தெரிந்தவர்கள் வருவார்கள். நான் மிளகுத் தோட்டத்து வழியாக நடந்தேன்.